பெட்டியா, திரையா? பழைய கேமிங் கணினிக்குக் காசு போடும் முன்

தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுநாளே அக்கா மகன் பட்டர்வொர்த்திலிருந்து கூப்பிட்டான். "மாமா, 1,500 வெள்ளி இருக்கு. கேம் இழுக்குது. கார்டு மாத்தவா, மானிட்டர் மாத்தவா?"

அவன் பெட்டி, அதாவது கணினி, 2017-இல் கட்டியது. ஐ5-7500 சிபியு (கணக்குப் போடும் மூளை), ஜிடிஎக்ஸ் 1060 ஆறு ஜிபி கார்டு (படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு), ஒரே ஒரு 8 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்) குச்சி, 24 அங்குல 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். அந்தக் காலத்தில் நல்ல பெட்டிதான். நான் கோலாலம்பூரில் இருக்கிறேன், அவன் அங்கே. பார்க்காமல் என்ன சொல்வது? "இழுக்குதுன்னா என்னடா அர்த்தம்?" என்று கேட்டேன். அவனால் சொல்ல முடியவில்லை.

பிரச்சினையே அங்குதான். ஆட்டம் மெதுவாக ஓடுவது, விட்டு விட்டு இடறுவது, படம் மங்கலாக இழுபடுவது, சுட்டியை அசைத்தால் தாமதமாக நகர்வது எல்லாவற்றுக்கும் நம் ஆட்கள் வைத்திருப்பது 'இழுக்குது' என்ற ஒரே சொல். காரணமோ வேறு வேறு. சிலவற்றுக்குப் பெட்டி, சிலவற்றுக்குத் திரை, நிறைய நேரம் இரண்டுமே இல்லை. இந்த நிலையில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போய் நின்றால், கார்டு விற்பவர் கார்டைக் கையில் கொடுப்பார், மானிட்டர் விற்பவர் மானிட்டரைக் கொடுப்பார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் கேட்டது அப்படி.

அவனுக்குக் கைப்பேசியில் சொன்னதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவச மென்பொருள், எந்த நிறுவனத்தின் கார்டானாலும் வேலை செய்யும். கூடவே வரும் ரிவாடியூனரையும் நிறுவினால், விளையாடும்போதே திரை மூலையில் எண்கள் ஓடும். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்), ஃப்ரேம் டைம் (ஒரு படத்துக்கு ஆகும் நேரம்) கோடு, ஜிபியு (கார்டின் சில்லு) எத்தனை சதவீதம் உழைக்கிறது, அதன் சூடு, கார்டின் நினைவகம், சிபியுவின் ஒவ்வொரு கோரும் (உள்ளிருக்கும் தனி மூளை) தனித்தனியாக, ராம். இவ்வளவும் தெரிகிறபடி வையுங்கள். அரை மணி நேரமாவது உண்மையான ஆட்டம் ஆடுங்கள். மெனுவில் நின்றபடி பார்த்த எண் எதற்கும் உதவாது. எஃப்பிஎஸ்ஸை மட்டும் நம்பவும் வேண்டாம். 90 என்று காட்டும், ஆனால் ஃப்ரேம் டைம் கோடு முள் முள்ளாக எகிறிக்கொண்டிருந்தால் கைக்கு 40 மாதிரிதான் இருக்கும்.

எண் நன்றாக இருக்கிறது, ஆட்டம் நன்றாக இல்லை

எஃப்பிஎஸ் 100-ஐத் தாண்டுகிறது, கோடும் சமமாக ஓடுகிறது, ஆனாலும் திரும்பும்போது எதிரி ஒரு பூச்சுப்போலத் தெரிகிறான் என்றால் சந்தேகம் திரை பக்கம் போக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு நொடிக்கு 60 படம்தான் காட்டும், 16.7 மில்லி நொடிக்கு ஒன்று. பெட்டி 160 படம் வரைந்து அனுப்பினாலும் மிச்சம் உங்கள் கண்ணுக்கு வந்து சேராது. 144 ஹெர்ட்ஸில் அந்த இடைவெளி 6.9 மில்லி நொடி.

புது மானிட்டர் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், இப்போது இருப்பது உண்மையிலேயே எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே. நான் வாங்கிய முதல் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மூன்று மாதம் 60-இலேயே ஓட்டினேன். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டு, அவர்களும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். விண்டோஸ் பல நேரம் தானாக மாற்றாது, நாம்தான் மாற்ற வேண்டும்.

பட்டியலில் பெரிய எண்ணே வரவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் 1080பி தெளிவுக்கு 120 ஹெர்ட்ஸ் வரை எதிர்பார்க்கலாம், 4கே என்றால் 30. கார்டு புதிய தரமாக இருந்தும் மானிட்டரின் எச்டிஎம்ஐ துளை பழையதாக இருப்பதுண்டு. டிஸ்ப்ளேபோர்ட் துளை இருந்தால் பேசாமல் அதில் மாட்டுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்: கேபிள் கார்டில்தான் மாட்டியிருக்கிறதா? மதர்போர்டின் (எல்லாப் பாகமும் பொருந்தும் பலகை) துளையில் மாட்டிவிட்டு, சும்மா கிடக்கும் கார்டைத் திட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இருட்டான காட்சிகளில் மட்டும் கறுப்பு வால் இழுபடுகிறது என்றால் உங்களுடையது பெரும்பாலும் விஏ வகைப் பேனல் (திரையின் உள்தகடு). மானிட்டர் மெனுவில் ஓவர்டிரைவ் என்று ஒன்று இருக்கும், நடு அளவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் வால் போய், அதற்குப் பதிலாக ஒளிவட்டம் வரும். அதற்குமேல் அது பேனலின் குணம். மாற்றத்தான் வேண்டும்.

படம் நடுவில் வெட்டுப்பட்டதுபோல் இருக்கிறது

கதவு நிலை, விளக்குக் கம்பம் போன்ற நேர்கோடுகள் பாதியில் விலகி நின்றால் அதற்குப் பெயர் டியரிங். கார்டு படம் அனுப்பும் நேரமும் திரை புதுப்பிக்கும் நேரமும் ஒத்துப்போகவில்லை. பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒத்துப்போகச் செய்யும் வி-சிங்க் அமைப்பைப் போட்டால் கிழிசல் நிற்கும், கைக்குத் தாமதம் கூடும். நல்ல தீர்வு, கார்டின் வேகத்துக்குத் திரையே இறங்கி வரும் ஃப்ரீசிங்க் வகை மானிட்டர். 2019 ஜனவரியிலிருந்து கார்டு தயாரிப்பாளர் என்விடியாவின் 10 வரிசைக் கார்டுகளும் (ஜிடிஎக்ஸ் 1060 போன்றவை) ஃப்ரீசிங்க் திரைகளோடு சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் அந்தப் பழைய கார்டுகளுக்கு டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான்.

பழைய பெட்டி வைத்திருப்பவருக்கு இது முக்கியம். 50-க்கும் 80-க்கும் நடுவே ஏறி இறங்கும் பெட்டி, 60 ஹெர்ட்ஸ் சாதாரணத் திரையில் நொண்டியடிக்கும். அதே பெட்டியை ஃப்ரீசிங்க் திரையில் மாட்டினால் ஓரளவு வழுக்கிக்கொண்டு போகும். கார்டு மாறவில்லை, ஆட்டம் மாறிவிட்டது என்று தோன்றும்.

ஜிபியு 97, 98 என்று முட்டி நிற்கிறது

எஃப்பிஎஸ் குறைவு, ஜிபியு சதவீதம் எப்போதும் உச்சியில். இது கார்டின் மூச்சு வாங்கல்தான். உறுதிசெய்ய ஆட்டத்தின் தெளிவை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் சட்டென்று ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

இந்த நிலையில் இருப்பவர் செய்யக்கூடாத ஒரே காரியம் பெரிய தெளிவுள்ள மானிட்டர் வாங்குவது. ஆனால் அதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். 1080பி-யில் ஒரு படத்துக்கு 2.07 மில்லியன் புள்ளிகள். 1440பி-யில் 3.69 மில்லியன். 4கே-யில் 8.29 மில்லியன், அதாவது நான்கு மடங்கு. ஏற்கெனவே மூட்டை சுமக்க முடியாதவன் தலையில் இன்னொரு மூட்டை. சரி, 1440பி திரையை வாங்கிவிட்டு ஆட்டத்தை 1080பி-யிலேயே ஓட்டிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். ஓட்டலாம், ஆனால் புள்ளிகள் சமமாகப் பங்கிட முடியாததால் படம் குழைந்து தெரியும். எழுத்துகளில் பளிச்சென்று தெரியும்.

கார்டின் நினைவகத்தையும் பாருங்கள். ஆறு ஜிபியும் நிரம்பி வழிந்தால் திரும்பும் ஒவ்வொரு முனையிலும் இடறும். ஆட்டத்தின் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை ஒரு படி இறக்கினாலே பாதி நோய் போய்விடும். சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் வசதி உள்ள ஆட்டமானால் அதைப் போட்டுப் பாருங்கள், ஜிடிஎக்ஸ் கார்டிலும் ஓடும். அதே வேலை செய்யும் டிஎல்எஸ்எஸ், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் கார்டு மாற்றத்தான் வேண்டும். 10 வரிசைக்குப் புது ஆட்டங்களை ஒட்டி வரும் டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 அக்டோபருடன் என்விடியா நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள்தான். ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிடுவது) வன்பொருள் இல்லாவிட்டால் திறக்கவே மாட்டேன் என்கிற ஆட்டங்களும் வரத் தொடங்கிவிட்டன. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழைய மதர்போர்டில் கார்டு துளை பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 தரம். சில மலிவுக் கார்டுகள் நான்கே லேன்களில் (பாதைகளில்) பேசும், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அப்படி ஒன்று. புது போர்டில் தாக்குப்பிடிக்கும், நம் பழைய போர்டில் சறுக்கும். கார்டின் அட்டைப்பெட்டி மேலே போட்டிருக்கும் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஜிபியு பாதி தூங்குகிறது, ஆனாலும் இடறுகிறது

எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான். ஜிபியு 50, 60 சதவீதத்தில் சும்மா இருக்கிறது. 720பி-க்கு இறக்கினாலும் எஃப்பிஎஸ் அசையவில்லை. கார்டு வேலைக்காகக் காத்திருக்கிறது, கொடுக்க ஆள் இல்லை என்று அர்த்தம். இங்கே புது கார்டு வாங்குவது வீண் செலவு. அதுவும் போய் அதே வரிசையில் நிற்கும்.

டாஸ்க் மேனேஜரில் மொத்த சிபியு 60 சதவீதம்தானே என்று கேட்பீர்கள். ஒரு கோர் 100-ஐத் தொட்டு முட்டிக்கொண்டு, மற்றவை சும்மா நின்றாலும் மொத்தம் குறைவாகத்தான் காட்டும். அதனால்தான் கோர்களைத் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன். ஐ5-7500-இல் நான்கு கோர், நான்கே திரெட் (ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய வேலை). ஆட்டத்தோடு பிரவுசர், டிஸ்கார்ட், ஏதோ ஒரு வீடியோ எல்லாம் திறந்து வைத்தால் அது பாவம் எங்கே போகும்?

சிபியுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் ராமை விசாரியுங்கள். 8 ஜிபி நிரம்பினால் விண்டோஸ் வட்டில் எழுதி எழுதிப் படிக்கும், அந்த நேரம் ஆட்டம் உறையும். ஒரே குச்சி என்றால் இன்னொரு தொல்லை. இரண்டு வழிப் பாதையில் ஒன்றை மூடி வைத்த மாதிரி, சிபியுவுக்கும் ராமுக்கும் நடுவே போக்குவரத்துப் பாதியாகிவிடும். இரண்டாவது குச்சி போட்டால் இரண்டுமே தீரும். மதர்போர்டில் எந்தத் துளை என்பதைக் கையேட்டில் பார்த்துப் போடுங்கள், நான்கு துளை இருந்தால் பெரும்பாலும் ஒன்று விட்டு ஒன்று. 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, அதனால் பழைய டிடிஆர்4 குச்சியை இரண்டாம் கையில் தேடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ராம் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள் அல்ல. ஏஎம்டியின் ரைசன் சிபியு வைத்திருப்பவர்கள் பயோஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) போய், 3200 என்று வாங்கிய ராம் 2133-இல் ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். வாங்கிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியைப் போட ஒரு காசு செலவில்லை.

ஆட்டம் இன்னும் சுழலும் பழைய ஹார்டு டிஸ்கில் இருந்தால், அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. எஸ்எஸ்டி வாங்குங்கள், அப்புறம் வாருங்கள்.

அப்படியும் சிபியுதான் காரணம் என்று முடிவானால், உங்கள் மதர்போர்டு எது என்பதைப் பொறுத்து வழி பிரியும். 2017 வாக்கில் ரைசன் பொருந்தும் ஏஎம்4 போர்டு வாங்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பல பழைய பி350 போர்டுகள்கூடப் பயோஸைப் புதுப்பித்தால் ரைசன் 5 5600-ஐ, 5800எக்ஸ்3டி-யைக்கூட ஏற்றுக்கொள்ளும். போர்டின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பழைய சிபியு இருக்கும்போதே பயோஸைப் புதுப்பியுங்கள். இன்டெல் ஏழாம் தலைமுறைக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. எட்டாம் தலைமுறை அதே 1151 துளை மாதிரி தெரியும், வேலை செய்யாது. புதிய தலைமுறைக்குப் போக சிபியு, போர்டு இரண்டையும், பல நேரம் ராமையும் சேர்த்து மாற்ற வேண்டும். அது மேம்படுத்தல் இல்லை, புதுப் பெட்டி. ஏழாம் தலைமுறை, சில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகையால் அந்தப் போர்டில் பெருந்தொகை போடாதீர்கள். சின்னச் சின்னதாக ஒட்டுப் போட்டு ஓட்டுங்கள்.

முதல் கால் மணி நேரம் அருமை, அப்புறம் சோர்ந்துவிடுகிறது

சூடு. வேறொன்றும் இல்லை. நம் ஊர் அறைகளில் பகலில் 32 டிகிரி சாதாரணம், குளிர்சாதனம் இல்லாத அறை என்றால் பெட்டி தொடக்கமே அங்கிருந்துதான். ஜிடிஎக்ஸ் 1060 வகைக் கார்டு 83 டிகிரியை ஒட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து, மேசை விசிறியைத் திருப்பிவிட்டு ஆடுங்கள். எஃப்பிஎஸ் சோராமல் நின்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

தூசி தட்டுங்கள், எட்டு வருடத்து தெர்மல் பேஸ்ட்டை (சில்லின் சூட்டைக் கடத்தும் பசை) துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். சாமி அறைக்குப் பக்கத்தில் கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க: வெள்ளிக்கிழமை தவறாமல் போடும் சாம்பிராணிப் புகை தூசியோடு சேர்ந்து விசிறி இதழ்களில் பிசினாக ஒட்டும், ஊதினால் போகாது, துடைக்கத்தான் வேண்டும். எங்கள் வீட்டுப் பெட்டியை நான் கூடத்தின் மறுமூலைக்கு மாற்றினேன், சாம்பிராணியை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

விளையாடும்போதே அணைந்துவிடுகிறது

எச்சரிக்கையே இல்லாமல் பட்டென்று அணைந்தால் அல்லது மறுதொடக்கம் ஆனால், சூடு இல்லை என்று உறுதிசெய்த பிறகு, பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். காட்சி கனமாகும் நேரத்தில் மட்டும் நடக்கிறதா? எஃப்பிஎஸ்ஸை 60-க்குக் கட்டிப்போட்டால் நிற்கிறதா? அப்படியானால் ஏறக்குறைய அதுதான். இந்த நிலையில் பெரிய கார்டு வாங்கி மாட்டுவது எரியும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி மின்னல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மழை கறுத்தால் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், இணையக் கம்பியையும் சேர்த்து. பவர் சப்ளையைத் திறந்து பார்க்கும் வீரம் மட்டும் வேண்டாம், அணைத்து வைத்தாலும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். எங்கள் தாமானில் ஒரு பெட்டி செத்ததற்குக் காரணம் உள்ளே குடிபுகுந்த பல்லி. கடைக்காரர்தான் திறந்து காட்டினார்.

திரை இருண்டு இருண்டு வருகிறது

ஒரு நொடி கறுத்து மறுபடி வருவது, மினுக்குவது, கோடு விழுவது. முதலில் கேபிளை மாற்றுங்கள், துளையை மாற்றுங்கள். அப்புறம் ஓர் எளிய சோதனை: மானிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் சொந்த மெனுவைத் திறங்கள். அந்த மெனுவை வரைவது மானிட்டர்தான், கணினி இல்லை. மெனுவும் சேர்ந்து மினுக்கினால், கோடு அதன் மேலும் விழுந்தால், பழுது திரையில். மெனு திடமாக நிற்க, பின்னால் உள்ள படம் மட்டும் கெடுகிறது என்றால் கேபிள் அல்லது கார்டு. வண்ணச் சதுரங்கள், புள்ளிக் கூட்டம் தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைப்பேசியில் பாருங்கள். படத்திலும் அது பதிந்திருந்தால் கார்டு பக்கம் கோளாறு. பிறகு, வீட்டு டிவியை எதற்கு வைத்திருக்கிறோம்? பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வந்து அதில் மாட்டி ஆடிப் பாருங்கள். சீரியல் நேரம் தவிர்த்து.

கண் எரிகிறது

இருட்டறையில் 100 சதவீத வெளிச்சத்தில் ஆடினால் எந்தத் திரையிலும் எரியும். வெளிச்சத்தைக் குறையுங்கள், பின்னால் ஒரு விளக்குப் போடுங்கள். அதற்கப்புறமும் எரிந்தால் மானிட்டர் பற்றிப் பேசலாம்.

எல்லாம் சரி, ஆனாலும் ஏதோ ஒன்றை வாங்கத் தோன்றுகிறது

அதுவும் ஓர் அறிகுறிதான், மறைக்க வேண்டாம். எண்கள் எந்தப் பக்கமும் கை காட்டாதபோது என் கட்சி மானிட்டர். கார்டு நாலு வருடத்தில் கிழவனாகிவிடும். நல்ல மானிட்டர் இரண்டு பெட்டிகளைப் பார்த்துவிடும், கூடவே பாடம், வேலை, படம் எல்லாவற்றுக்கும் தினமும் உங்கள் கண் அதில்தான். ஆனால் இப்போதைய கார்டால் சுமக்க முடிந்த அளவிலேயே நில்லுங்கள். 1060 வயதுடைய கார்டுக்கு 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ் வகைப் பேனல், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், ஃப்ரீசிங்க். ஒரு வருடத்துக்குள் புதுப் பெட்டி வாங்குவது உறுதி என்றால் மட்டும் 27 அங்குல 1440பி. அந்த ஒரு வருடம் ஆட்டம் திணறும் என்று தெரிந்தே வாங்குங்கள்.

அக்கா மகன் இரண்டு நாள் கழித்து எண்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அவன் ஆடுவது முக்கால்வாசி வாலரண்ட் என்னும் சுடும் ஆட்டம். அதில் 160-க்கு மேல் போகிறது, திரை 60-இல் நிற்கிறது. ராம் 7.6 ஜிபி, பின்னால் பிரவுசரில் இருபது பக்கங்கள். அவ்வப்போது வரும் உறைதல் ராமால், எதிரி பூச்சாகத் தெரிந்தது திரையால். கார்டுக்கும் அவன் சொன்ன 'இழுக்குது'க்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாம் கையில் இன்னொரு 8 ஜிபி குச்சி, புதிதாக ஒரு 24 அங்குல 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று சொல்லி அனுப்பினேன். கடையிலேயே மானிட்டரின் அட்டைப்பெட்டியைப் பிரிக்கச் சொல், மின்சாரம் கொடுத்து வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத் திரையாக மாற்றிக் காட்டச் சொல், செத்த புள்ளி இருந்தால் அங்கேயே மாற்று, ரசீதில் கடையின் முத்திரை வாங்கு, உள்ளே டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருக்கிறதா என்று பார் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரி மாமா, சரி மாமா" என்றான்.

அன்று இரவு பதினோரு மணிக்கு மறுபடி அழைப்பு. "மாமா, வித்தியாசமே தெரியலையே?"

"அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளேல எத்தனை ஹெர்ட்ஸ்னு பாருடா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.